ஆதிராஜா உட்கார்ந்த நாற்காலி

அந்த ராஜ்யம் எந்த இடத்தில் தோன்றியது என்று அங்கே யாரைக் கேட்டாலும் சட்டென்று பதில் வராது. "எந்தத் தலைவர் இருந்தப்போ?" என்று திருப்பிக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பேரவைத் தலைவர் மாறும்போதெல்லாம் ராஜ்யம் தோன்றிய இடமும் மாறிவிடும்.

கதை என்னவோ ஒன்றுதான், அதில் யாருக்கும் சண்டை இல்லை. மலைக்கு அப்பால் ஓர் அரக்கன் இருந்தான். ஆதிராஜா அவனோடு மோதி, தலையைச் சீவி, அந்தத் தலையைத் தோளில் போட்டுக்கொண்டு மலையைத் தாண்டி நடந்து வந்தார். வந்தவர் ஓரிடத்தில் களைத்துப்போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தில் ராஜ்யம் தோன்றியது. அவர் உட்காருவதற்கு முன்னால் இங்கே யாராவது குடியிருந்தார்களா என்பதெல்லாம், பள்ளிக்கூடத்தில் கேட்டால் பெஞ்சு மேல் ஏறி நிற்க வேண்டிய கேள்விகள்.

எங்கே உட்கார்ந்தார் என்று கண்டுபிடிப்பதற்காகவே ஆதி வரலாற்றுப் பேரவை என்று ஒன்று இருந்தது. மற்ற நாடுகளில் இதற்கெல்லாம் மண்ணைத் தோண்டுவார்கள். பேரவைக்குத் தோண்டுவது பிடிக்காது. தோண்டினால் என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதல்லவா? அவர்களுடைய முறை வேறு. ஆதிராஜாவின் உடல்வாகு உள்ள ஓர் ஆளைப் பிடிப்பார்கள். அரக்கன் தலையின் எடைக்கு ஒரு கல்லை அவன் தோளில் ஏற்றுவார்கள். மலைக்கு அப்பால், அண்டை ராஜ்யத்தின் சுங்கச்சாவடிக்குப் பக்கத்திலிருந்து அவனைக் கிளப்பி விடுவார்கள். அவன் நடப்பான், பேரவை பின்னாலேயே போகும். அவன் களைத்துப்போய் எங்கே உட்காருகிறானோ அங்கேதான் ஆதிராஜாவும் உட்கார்ந்திருக்க வேண்டும். இதற்குக் களைப்பு முறை என்று பெயர். அதைப் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

முறையில் கோளாறு ஒன்றும் இல்லை. கல்லில்தான் வந்தது வினை. முதல் தலைவர் காலத்தில் அது சுமாரான கல். ஆள் சீட்டியடித்துக்கொண்டே நடந்து, அரண்மனை வாசல்வரை வந்து உட்கார்ந்தான். எல்லோருக்கும் திருப்தி. அடுத்து வந்த தலைவர், நம் ஆதிராஜா வெட்டியது இத்தனூண்டு தலையா என்று கண் கலங்கி எடையைக் கூட்டினார். ராஜ்யம் கடைத்தெருவில் தோன்றியது. அதற்கும் அடுத்தவர், பக்கத்து ராஜ்யத்தின் ஆதிராஜா இறக்கை முளைத்த முதலையைக் கொன்றதாகக் கேள்விப்பட்டு, ரோஷத்தில் இன்னும் கூட்டினார். ராஜ்யம் பாலத்தடியில் தோன்றியது. இப்படித் தலைவருக்குத் தலைவர் தலை பெருத்துக்கொண்டே போனதில், ராஜ்யம் தோன்றிய இடம் மலையைப் பார்க்கக் கிழக்கே நகர்ந்துகொண்டே இருந்தது. பழைய இடங்களில் நட்ட கல்வெட்டுகளைப் பிடுங்க மாட்டார்கள். அடியில் 'முன்னர்' என்று ஒரு சொல்லைச் செதுக்கிவிட்டு மேலே போய்விடுவார்கள்.

மலைப்பாதை ஊருக்குள் நுழைகிற கிழக்குத் தெருக் கோடியில் ஒரு சலூன் இருந்தது. மாமனார் வைத்த கடை. அவருக்குப் பிறகு மருமகன் நடத்திக்கொண்டிருந்தார். கடை என்றால் ஒரே ஒரு நாற்காலி. இரும்புக் கால், தலை சாய்த்துக்கொள்ள ஒரு முட்டு, மிதித்தால் ஆளை மேலே தூக்குகிற பெடல். எதிரே ரசம் உரிந்த கண்ணாடி. பின்னறைதான் வீடு. அங்கே சலூன்காரரின் மனைவி தையல் மெஷினை வைத்துக்கொண்டு ஊர்ச் சட்டைகளுக்குக் காலர் திருப்பித் தைப்பாள். சலூன்காரர் வாயில்லாப் பூச்சி. அவருக்கும் சேர்த்து அந்த அம்மாளுக்கு வாய் இருந்ததால் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

புதிதாக வந்த தலைவர் வழக்கம்போல எடையைக் கூட்டினார். ஆதிராஜாவின் உடல்வாகு என்று அவர் தேடிப் பிடித்தது யாரை என்றால், தானிய மண்டியில் மூட்டை தூக்குகிற ஒருவனை. சலூன்காரரின் மனைவிக்கு அவன் கூடப்பிறந்த தம்பி. வீட்டில் எல்லோருக்கும் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமை எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாரும் யோசிக்கவில்லை.

நடைநாள் அன்று சலூன் நாற்காலியில் தபால்காரர் இருந்தார். வலது கன்னம் முடிந்து, இடது கன்னத்தில் நுரை பூசி, கத்தியை வைக்கப்போகிற நேரம். வாசலில் நிழல் விழுந்தது. மச்சினன் நின்றுகொண்டிருந்தான். தோளில் கல், தலையில் தகரக் கிரீடம், முகமெல்லாம் வியர்வை. ஆதிராஜா வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்பது சட்டம். அரசாங்க ஊழியரான தபால்காரர் கழுத்துத் துண்டோடும் பாதி நுரையோடும் விறைப்பாக எழுந்து நின்றார். மச்சினன் கல்லைத் தரையில் போட்டான். காலியான நாற்காலியைப் பார்த்தான். அதற்கப்புறம் எந்த மனிதனும் செய்வதைத்தான் அவனும் செய்தான்.

"அக்கா, கொஞ்சம் தண்ணி குடுக்கா. செத்தேன்."

சலூன்காரர் கத்தியும் கையுமாக அவன் பக்கம் ஓடினார். "மாப்ளே, எந்திரி! உனக்குப் புண்ணியமாப் போகட்டும், வெளிய போயி எங்கயாச்சும் உக்காரு!"

"ஒரு நிமிஷம் மாமா. முட்டி கழண்டுருச்சு."

அக்காக்காரி உள்ளேயிருந்து டம்ளரோடு ஓடிவந்தபோது வாசலை மறைத்துக்கொண்டு பேரவை நின்றது. தலைவரின் கண்களில் நீர் வழிந்தது. "உட்கார்ந்துவிட்டார்!" என்றார். பின்னால் நின்ற உறுப்பினர்கள் எல்லோரும், "உட்கார்ந்துவிட்டார்!" என்றார்கள். வெளியே தாரை ஊதினார்கள்.

ராஜ்யம் சலூனில் தோன்றியது.

அன்று மாலைக்குள் நாற்காலியைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டி, ஈட்டியோடு ஒரு காவலாளை நிறுத்தினார்கள். ஆதிராஜா முதன்முதலில் மொழிந்தது 'இங்கே ஒரு பேரரசு எழுக' என்று பாடப்புத்தகத்தில் இருந்ததை அடித்துவிட்டு, 'அக்கா, கொஞ்சம் தண்ணி குடுக்கா' என்று அச்சிட்டார்கள். அது நீர்ப்பாசனக் கொள்கை என்று பெரிய உரை ஒன்றும் வெளிவந்தது. 'செத்தேன்' என்ற சொல்லுக்கு மட்டும் பொருள் தெளிவாகவில்லை, துணைக்குழு அமைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து காட்டினார்கள். "இந்தக் கண்ணாடி வழியாகத்தான் ஆதிராஜா தம் மக்களை முதன்முதலில் கண்டார்" என்று வழிகாட்டி விளக்குவார். கண்ணாடியில் அவர் கண்டது அவருடைய முகத்தைத்தானே என்று ஒரு பெண்பிள்ளை கேட்டது. அதை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

தபால்காரர் பாடுதான் இன்னும் மோசம். ஆதிராஜாவுக்கு எழுந்து நின்ற முதல் குடிமகன் என்று அவரை அறிவித்துவிட்டார்கள். முதல் குடிமகன் பாதி மழித்த முகத்தோடு இருந்தது வரலாற்றுச் சான்று. அதனால் வலது கன்னத்தைத் தினமும் மழிக்க வேண்டும், இடது கன்னத்தில் கை வைக்கக் கூடாது. மனிதர் ஒரு பக்கம் மாப்பிள்ளையாகவும் ஒரு பக்கம் சாமியாராகவும் தெருத்தெருவாகக் கடிதம் கொடுத்துக்கொண்டு திரிந்தார். அவர் மனைவி வலது பக்கம் நின்று மட்டும்தான் பேசுகிறாளாம்.

சலூன்காரர் தெருவில் ஒரு முக்காலியைப் போட்டு முடி வெட்டப் பார்த்தார். வரலாற்று நாற்காலி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்று காவலாள் சொன்னான். நிற்க வைத்து வெட்டினார். காதில் கீறல் விழுந்ததுதான் மிச்சம். வேறு வழி தெரியாமல் பேரவை அலுவலகத்துக்குப் போனார். அங்கே நாற்காலிகள் ஏராளமாக இருந்தன. எல்லாவற்றிலும் ஆட்கள் இருந்தார்கள்.

தலைவர் அவரைக் கட்டித் தழுவிக்கொண்டார். "நீங்க பாக்கியசாலி!"

"ஐயா, என் நாற்காலி..."

"உங்க நாற்காலியை யாரும் எடுக்கலையே! அது இருந்த இடத்துலயேதானே இருக்கு? நீங்க அதுகிட்டப் போகக் கூடாது, அவ்வளவுதானே?"

"பொழப்பு போச்சுங்க, ஐயா."

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "ராஜ்யமே உங்க கடையிலதான் தோன்றியிருக்கு. அப்படின்னா அதுக்கு முன்னாடி இங்க ஒண்ணுமே கிடையாது. ஒண்ணுமே இல்லாத இடத்துல நீங்க எப்படிக் கடை வச்சிருந்தீங்க? யார் அனுமதி கொடுத்தா? நாங்க கேட்டோமா? கேக்கல. பெருந்தன்மையா விட்டுட்டோம்."

சலூன்காரருக்குத் தான் ஏதோ பெரிய குற்றம் செய்து தப்பித்துக்கொண்டதுபோல வியர்த்தது. "மச்சினன் தெரிஞ்ச கடைன்னு உள்ள வந்துட்டான், ஐயா. நிஜமா ஆதிராஜா இங்கதான் உக்காந்தாருன்னு..."

"நடந்த இடத்தில் நடந்தது என்று சொல்ல யாராலும் முடியும்" என்று தலைவர் மேடைத் தமிழுக்கு மாறினார். "அதற்கு ஒரு பேரவை எதற்கு? இத்தனை பேர் எதற்கு? இவ்வளவு பெரிய கட்டடம்தான் எதற்கு? நாங்கள் இருப்பதால்தான் ஐயா வரலாறு இருக்கிறது!" சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். சலூன்காரரும் பழக்கதோஷத்தில் தட்டிவிட்டார்.

வெளியே வரும்போது ஒரு குமாஸ்தா அவர் கையில் உத்தரவு ஒன்றைத் திணித்தார். தண்ணீர் டம்ளர் பின்னறையிலிருந்து வந்ததால் பின்னறையும் 'ஆதி நீர்மாடம்' ஆகிறது. குடியிருப்போர் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். "ஆட்சேபணை மனு எங்க கொடுக்கணும்?" என்று கேட்டார் சலூன்காரர். குமாஸ்தா சிரித்தார். "ஆட்சேபணை வாங்குற பழக்கமே இங்க கிடையாதுங்க. பாராட்டு மனு மட்டும்தான். அதைப் பரிசீலிக்காம விட்டா எங்க வேலை போயிடும்."

அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. கடை போனால் தெருவிலாவது ஏதாவது செய்யலாம். வீடும் போனால் எங்கே போவது? சலூன்காரர் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். மச்சினன் மூலையில் தகரக் கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு, குற்றவாளிபோலத் தலை குனிந்திருந்தான்.

"என்னாலதானே மாமா எல்லாம். மண்டியில உக்காந்திருக்கலாம். மண்டிக்காரன் எவ்வளவோ கெட்டவன்."

"அவனை விடுடா" என்றாள் அக்கா. காலரைத் திருப்பித் தைத்துக்கொண்டே கேட்டாள். "ஏங்க, பாராட்டு மனுன்னா கட்டாயம் பரிசீலிப்பாங்களாமே? அப்ப பாராட்டுவோம்."

"என்னத்தைப் பாராட்டுறது? நம்மளை நடுத்தெருவுல நிறுத்தினதையா?"

"அரக்கன் தலையை. இவங்க வச்சிருக்கிற கல்லு பத்தாதுன்னு எழுதுங்க. தலைக்கு எடை கூடினா மறுபடி நடந்து பாக்கணும்ல? எடை கூடினா இவன் சீக்கிரம் உக்காருவான்ல? நம்ம கடைக்கு வரவே மாட்டான்ல?"

சலூன்காரர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமானதிலிருந்து அவளிடம் அவருக்குப் பயம்தான் அதிகம். அன்றைக்குக் கொஞ்சம் பக்தியும் வந்தது.

"அக்கா, இப்பவே முதுகு ஒடியுது" என்றான் தம்பி.

"தூக்க முடியலன்னா என்னடா செய்வ?"

"உக்காந்துருவேன்."

"அதான் வேணும். சாப்பிடு."

மனுவைச் சலூன்காரர் ராத்திரியோடு ராத்திரியாக எழுதி முடித்தார். 'மாட்சிமை பொருந்திய பேரவைக்கு, காலமெல்லாம் தலைகளோடு பழகியவன் என்ற உரிமையில் பணிந்து எழுதுவது: அரக்கன் தலையை எடை போட்டவர்கள் முடியைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்களோ என்று நெஞ்சு பதறுகிறது. அரக்கன் தன் ஆயுளில் முடி வெட்டிக்கொண்டவன் அல்ல. நம் ஆதிராஜா மொட்டைத் தலையையா சுமந்து வந்தார்? அன்று மழை பெய்திருந்தால் அந்த முடி நனைந்தும் இருக்குமே. ஆதிராஜாவின் பெருமை குறைவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.'

பேரவை கூடியது. மனுவை வாசித்தார்கள். முடியைச் சேர்க்கக் கூடாது என்று சொன்னால் ஆதிராஜாவை மட்டம் தட்டியதாகிவிடும். எனவே முடியைச் சேர்த்தார்கள். ஓர் உறுப்பினர் எழுந்து, முடி இருந்தால் தாடி இருந்திருக்காதா என்று கேட்டார். தாடியைச் சேர்த்தார்கள். இன்னொருவர் காதில் இரும்புக் குண்டலம் இருந்திருக்கும் என்றார். முடி இருந்தால் பேன் இருந்திருக்கும், அரக்கனுடைய பேன் நம்மூர்ப் பேன்போல இருக்காது என்றார் மூன்றாமவர். கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த மூத்த உறுப்பினர் விழித்துக்கொண்டு, "கர்வம்! கர்வத்தை விட்டுவிட்டீர்களே! கர்வம் ஏறிய தலைக்குத்தான் எடை அதிகம். என் தலையையே எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். அதையும் சேர்த்தார்கள். தலைவர் உணர்ச்சிவசப்பட்டு, தம் பங்குக்கு மொத்தத்தை இரட்டிப்பாக்கினார்.

புதிய கல்லை எருதுகள் மூச்சிரைக்க மலையைத் தாண்டி இழுத்துக்கொண்டு போயின. மனு கொடுத்த தேசபக்தர் என்பதால் சலூன்காரருக்குத் தலைவருக்கு அடுத்த வரிசையில் இடம். ஆனால் அவருக்கு ஒரே கவலை. மச்சினன் எப்படியாவது தம் பிடித்துத் தூக்கிக்கொண்டு, பழகிய கால்களோடு நேரே நம் வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டால் என்ன செய்வது? வீரத்தில் குறைச்சலில்லாத பயல். அந்த எண்ணம் வந்ததிலிருந்து வழியெல்லாம் அவன் பலவீனமாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே போனார்.

சுங்கச்சாவடியில் அண்டை ராஜ்யத்துச் சுங்க அதிகாரி ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். வேறு பொழுதுபோக்கு இல்லாத ஊர் என்பதால் வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார். மச்சினன் கல்லைக் கட்டிப் பிடித்தான். முக்கினான். கழுத்து நரம்பு புடைத்தது. மறுபக்கம் போய் முயன்றான். கல் அசைந்து கொடுக்கவில்லை. கிரீடம் கழன்று உருண்டு போனது.

"ஏம்ப்பா, வந்து உக்காரு" என்று பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார் சுங்க அதிகாரி. ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டினார்.

மச்சினன் மாமாவை ஒரு தடவை பார்த்தான். உட்கார்ந்தான். ரொட்டியை வாங்கிக்கொண்டான்.

பேரவையில் யாரும் தாரையை வாயில் வைக்கவில்லை. தலைவர் செயலாளரைக் கேட்டார். "களைத்தாரா?"

"களைத்தார்."

"உட்கார்ந்தாரா?"

"உட்கார்ந்தார், ஐயா. ஆனால்... நடக்கவே இல்லையே."

"நடக்க வேண்டும் என்று முறையில் எங்கே இருக்கிறது?" என்றார் தலைவர்.

"எடையைக் கொஞ்சம் குறைத்தால்..." என்று ஆரம்பித்தார் ஓர் இளம் உறுப்பினர். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "குறைக்கலாம் என்று எந்தத் துரோகியாவது சொல்லிவிடுவானோ என்றுதான் சொன்னேன்" என்று முடித்தார்.

"ஆக, நம் ராஜ்யம் தோன்றியது இந்த இடத்தில்" என்று தலைவர் பெஞ்சைக் காட்டினார்.

"இது எங்க ராஜ்யங்க" என்றார் சுங்க அதிகாரி. "பெஞ்சும் எங்க சர்க்கார் பெஞ்சு. நீங்க என்ன வேணா தோன்றிக்கிட்டுப் போங்க. சாயங்காலம் கேட்டைப் பூட்டிடுவேன்."

பேரவை நாள்கணக்கில் உட்கார்ந்து பேசி அறிக்கை வெளியிட்டது. அறிக்கை தெளிவாகவே இருந்தது. ஆதிராஜா மலைக்கு அப்பாலேயே உட்கார்ந்துவிட்டார். இங்கே வரவில்லை. ஆகவே நம் ராஜ்யம் வெளிநாட்டில் தோன்றி, இன்னும் வழியில் இருக்கிறது. எந்நேரமும் வந்து சேரலாம். மக்கள் பீதியடைய வேண்டாம். அப்படியானால் தன் கதி என்ன என்று ராஜா ஆள் அனுப்பிக் கேட்டார். 'வரவிருக்கும் ராஜ்யத்தின் ராஜா' என்று போட்டுக்கொள்ளலாம் என்று பேரவை ஆலோசனை சொன்னது. ராஜ்யம் வந்து சேராத மறுநாளும் ரொட்டிக்கடை திறந்தது, குழாயில் தண்ணீர் வந்தது, தபால் வந்தது. சலூன்காரரின் மனைவிதான் அதை முதலில் கவனித்தாள். "அப்போ இத்தனை நாளா நாமளாத்தான் ஓட்டிக்கிட்டு இருந்தோமா?" என்றாள்.

காவலாள் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போனான். வீட்டைக் காலி செய்யச் சொன்ன உத்தரவும் ரத்தானது. சலூன்காரர் நாற்காலியைத் துடைத்துவிட்டுப் பெடலை ஒரு மிதி மிதித்தார். அது கிறீச்சென்று மேலே வந்தது. மனிதர் அப்படியே நின்று அழுதுவிட்டார். அடுத்து என்ன, தபால்காரர் வாசலில் முதல் ஆளாக நின்றார். அவருடைய இடது கன்னத்தை மழிக்கக் கத்தரிக்கோல், கத்தி இரண்டும் தேவைப்பட்டன. முடிந்ததும் அவர் கண்ணாடியில் பார்த்து, "இது யாரு?" என்று கேட்டார்.

சில வாரங்கள் கழித்துத் தலைவரே கடைக்கு வந்தார். பேரவை சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டு இடம் மாறுகிறதாம்; வெளிநாடு போவதற்கு முன் ஒரு முகச்சவரம். கூட ஆள் அம்பு யாரும் இல்லை. ஆள் இளைத்திருந்தார். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார். சலூன்காரர் துண்டைக் கட்டி, நுரை பூசி, தலையைப் பின்னால் சாய்த்தார். தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். நல்ல சூடான நுரை. மனிதருக்குச் சுகமாக இருந்திருக்க வேண்டும்.

"முட்டு நல்லா பதமா இருக்கே" என்றார். "பழைய காலத்து வேலைப்பாடு போலிருக்கு."

சலூன்காரர் கத்தியைத் தீட்டினார். தலைவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். அந்தக் கண் மெதுவாகச் சுவரைப் பார்த்தது, உத்தரத்தைப் பார்த்தது, வாசற்படி தேய்ந்திருப்பதைப் பார்த்தது.

"ஏம்ப்பா, இந்தக் கடை எவ்வளவு காலமா இருக்கு?"

கத்தி தொண்டைக்குழியில் நின்றது. பின்னறையில் தையல் மெஷினும் நின்றது.

"நேத்துத்தாங்க தொறந்தேன்" என்றார் சலூன்காரர்.